டான் ரிவர் மின் நிலையத்தில் ஒரு சான்றிதழ் விதி: 1955 முதல் 1971 வரை

எதைப் பற்றிய ஆய்வு இது

அமெரிக்காவின் சமத்துவப் போராட்டம் என்றதும் நினைவுக்கு வருபவை மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு, வாஷிங்டன் பேரணி, வாக்குரிமைச் சட்டம். அதற்கு அடுத்த கட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சட்டம் வந்துவிட்டது, "வெள்ளையருக்கு மட்டும்" என்ற பலகையையும் கழற்றியாயிற்று. சரி, அப்புறம் உள்ளே என்ன மாறியது? வட கரோலினாவில் ஓர் அனல் மின் நிலையத்தின் அடிமட்டப் பிரிவில் வேலை பார்த்த 13 பேர் இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். 1971இல் அவர்களுக்குக் கிடைத்த தீர்ப்பு, சில ஆண்டுகளில் பெண்களுக்கும், அரசு வேலை தேடியவர்களுக்கும் சேர்த்துப் பயன்பட்டது. அந்த நிகழ்வைத் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே பதிவு செய்கிறேன். தொழிலாளர்களின் பெயர்களைக் குறிப்பிடவில்லை.

பின்னணி

டான் ரிவர் மின் நிலையம் டியூக் பவர் நிறுவனத்துக்குச் சொந்தமானது. வர்ஜீனியா எல்லையை ஒட்டிய டிரேப்பர் என்ற ஊரில், நிலக்கரியை எரித்து மின்சாரம் தயாரித்தார்கள். வழக்குத் தொடுத்த காலத்தில் அங்கே 95 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் 14 பேர் கறுப்பினத்தவர்.

நிலையத்தில் ஐந்து பிரிவுகள் இருந்தன. கொதிகலன், டர்பைன், துணை மின் நிலையம் ஆகியவற்றைக் கவனிப்பது இயக்கப் பிரிவு. இயந்திரங்களைப் பழுது பார்ப்பது பராமரிப்புப் பிரிவு. கொதிகலனுக்குப் போகும் தண்ணீரையும் நிலக்கரி மாதிரிகளையும் சோதிப்பது ஆய்வகப் பிரிவு. இந்த மூன்றையும் "உள் வேலை" என்பார்கள். வெளியே, வந்திறங்கும் நிலக்கரியை எடைபோட்டு, நொறுக்கி, கன்வேயரில் ஏற்றுவது நிலக்கரிப் பிரிவு. எல்லாவற்றுக்கும் கீழே தொழிலாளர் பிரிவு. பெருக்குவது, குப்பை அள்ளுவது, சிமெண்ட் கலவை போடுவது, துருப்பிடித்த போல்ட்டுகளைச் சுத்தம் செய்வது, மற்றவர்கள் கூப்பிட்ட இடத்துக்குப் போய் எடுபிடி வேலை செய்வது எல்லாம் இவர்கள் பொறுப்பு.

கறுப்பினத்தவர் 14 பேரும் இந்தக் கடைசிப் பிரிவில்தான் இருந்தார்கள். அங்கே ஒருவர் எட்டக்கூடிய உச்ச ஊதியம் மணிக்கு 1.565 டாலர். மற்ற நான்கு பிரிவுகளில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குக் கிடைத்த குறைந்தபட்ச ஊதியமே 1.705 டாலர். அந்தப் பிரிவுகளின் உச்சத்தில் இருந்தவர்கள் 3.18 முதல் 3.65 டாலர் வரை வாங்கினார்கள். ஒரு கறுப்பினத் தொழிலாளி எத்தனை ஆண்டு உழைத்தாலும், எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், புதிதாக வந்த வெள்ளையரின் முதல் நாள் சம்பளத்தை எட்ட முடியாது. பிரிவுக்குள்தான் பதவி உயர்வு, அதுவும் அந்தப் பிரிவில் கழித்த காலத்தை வைத்துத்தான். வேறு பிரிவுக்கு மாறினால் பெரும்பாலும் அங்கே கடைசிப் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

1955இல் நிறுவனம் ஒரு விதி கொண்டுவந்தது. தொழிலாளர் பிரிவு தவிர வேறு எதிலும் புதிதாகச் சேர வேண்டுமானால் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும். நிலக்கரிப் பிரிவிலிருந்து உள் வேலைக்கு மாறவும் அதே சான்றிதழ் தேவை. ஏற்கெனவே அந்தப் பிரிவுகளில் இருந்த வெள்ளையர்களுக்கு இது பொருந்தாது. சான்றிதழ் இல்லாதவர்கள் தங்கள் இடத்திலேயே தொடர்ந்தார்கள், பதவி உயர்வும் பெற்றார்கள். கறுப்பினத்தவரைப் பொறுத்தவரை 1955 விதியால் எந்த மாற்றமும் இல்லை. கறுப்பினத்தவருக்குத் தொழிலாளர் பிரிவில் மட்டுமே இடம் என்ற நிற வரம்பு தனியாக இருந்ததால், சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் கதவு மூடியேதான் இருந்தது.

1965 ஜூலை 2

1964 ஜூலை 2 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் ஏழாவது தலைப்பு, அதாவது வேலைவாய்ப்பு பற்றிய பகுதி, இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு ஆகியவற்றின் அடிப்படையில் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. பாலினம் என்ற சொல்லை, மசோதா விவாதத்தின்போது வர்ஜீனியாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஹோவர்ட் ஸ்மித் சேர்த்தார். அவர் சிவில் உரிமைச் சட்டத்தையே எதிர்த்தவர். அவர் நோக்கம் என்னவாக இருந்தாலும் அந்தச் சொல் சட்டத்தில் நின்றுவிட்டது. நிறுவனங்கள் தயாராக ஓராண்டு அவகாசம் தரப்பட்டு, 1965 ஜூலை 2 அன்று இந்தத் தலைப்பு நடைமுறைக்கு வந்தது.

அந்த ஆண்டில்தான் டியூக் பவர் நிற வரம்பைக் கைவிட்டது. கூடவே, தொழிலாளர் பிரிவிலிருந்து மற்ற பிரிவுகளுக்கு மாறவும் பள்ளி இறுதிச் சான்றிதழ் கட்டாயம் என்றது. சட்டம் நடைமுறைக்கு வந்த ஜூலை 2 அன்றே, புதிதாகச் சேர்பவர்கள் சான்றிதழுடன் இரண்டு தேர்வுகளிலும் தேற வேண்டும் என்று இன்னொரு விதியும் வந்தது. ஒன்று வொண்டர்லிக் பொது அறிவுத்திறன் தேர்வு: 12 நிமிடத்தில் 50 கேள்விகள். மற்றொன்று பென்னட் இயந்திர அறிவுத் தேர்வு.

செப்டம்பரில் நிறுவனம் ஒரு சலுகை கொடுத்தது. சான்றிதழ் இல்லாத பழைய ஊழியர்கள் இந்த இரண்டு தேர்வுகளிலும் தேறினால் உள் வேலைக்கு மாறலாம். நிலக்கரிப் பிரிவில் இருந்த, சான்றிதழ் இல்லாத வெள்ளையர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் இது நடந்தது. தேர்ச்சி மதிப்பெண், நாடு முழுவதும் பள்ளி முடித்தவர்கள் எடுக்கும் இடைநிலை மதிப்பெண்ணை ஒட்டி வைக்கப்பட்டது. அதாவது பள்ளி முடித்தவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் தோற்கும் அளவு. இதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கவனிக்கப்பட்டவை

மூன்று விஷயங்கள் பதிவாயின. வழக்கின் உயிரே இவற்றில்தான் இருக்கிறது.

முதலாவது, யாரை இந்த விதி வெளியே நிறுத்தியது என்பது. 1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வட கரோலினாவில் வெள்ளை ஆண்களில் 34 சதவீதம் பேர் பள்ளி இறுதி முடித்திருந்தார்கள். கறுப்பின ஆண்களில் 12 சதவீதம். இது திறமைக் குறைவால் வந்த வித்தியாசம் அல்ல. அந்த மாநிலத்தில் அவர்கள் படித்தது இனவாரியாகப் பிரிக்கப்பட்ட, தரம் குறைந்த பள்ளிகளில். மோசமான பள்ளியைக் கொடுத்ததும் அதே சமூகம், பின்னாளில் அந்தப் பள்ளியின் சான்றிதழைக் கேட்டதும் அதே சமூகம். தேர்வுகளின் நிலை இன்னும் மோசம். வொண்டர்லிக், பென்னட் இரண்டும் அடங்கிய தேர்வுத் தொகுப்பைப் பயன்படுத்திய இன்னொரு நிறுவனத்தில் வெள்ளையரில் 58 சதவீதம் பேரும் கறுப்பினத்தவரில் 6 சதவீதம் பேருமே தேறியதாக, ஏழாவது தலைப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான சம வேலைவாய்ப்பு ஆணையம் கண்டறிந்திருந்தது.

இரண்டாவது, சான்றிதழுக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்பது. விதிக்கு முன்பே சேர்ந்த, சான்றிதழ் இல்லாத வெள்ளையர்கள் கொதிகலனையும் டர்பைனையும் ஆண்டுக்கணக்கில் குறையில்லாமல் இயக்கிக்கொண்டிருந்தார்கள். நிறுவனத்தின் சொந்த ஆவணங்களே அதற்குச் சாட்சி. 1965 ஜூலை முதல் 1966 நவம்பர் வரை பதவி உயர்வு பெற்ற வெள்ளையர்களில் சான்றிதழ் இல்லாதவர்களின் பங்கு, மொத்த வெள்ளை ஊழியர்களில் அவர்களுக்கு இருந்த பங்குக்கு ஏறக்குறைய சமம். படிப்பை முடிக்காதது யாரையும் பின்னுக்குத் தள்ளவில்லை. அப்படியானால் சான்றிதழை ஏன் கேட்கிறீர்கள்? "பொதுவாகப் பணியாளர்களின் தரம் உயரும் என்று கருதினோம்" என்பதே நிறுவன அதிகாரியின் சாட்சியம். எந்த வேலைக்கு எந்தத் திறன் வேண்டும் என்று அவர்கள் ஆய்ந்து பார்த்ததாகப் பதிவில் ஒன்றுமே இல்லை.

மூன்றாவது, ஒரு தனி மனிதரின் நிலை. கறுப்பினத் தொழிலாளர்களில் ஒருவர் பள்ளி இறுதி முடித்தவர். 1953இல் தொழிலாளர் பிரிவில் சேர்ந்தார். 1955 விதி கேட்ட சான்றிதழ் அவரிடம் இருந்தது. ஆனாலும் நிலக்கரிப் பிரிவுக்கு அவரை மாற்றியது 1966 ஆகஸ்டில்தான். ஆணையத்தில் புகார் கொடுத்து ஐந்து மாதம் ஆன பிறகு, சேர்ந்த பதின்மூன்றாவது ஆண்டில். கல்வித் தகுதியைத்தான் நிறுவனம் எதிர்பார்த்தது என்று நம்ப முனைபவர்கள் இவருடைய பணிப் பதிவேட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

எடுக்கப்பட்ட முடிவுகள்

1966 மார்ச்சில் தொழிலாளர்கள் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் செய்தார்கள். அப்போது அந்த ஆணையத்துக்கு யார் மீதும் வழக்குப் போடும் அதிகாரம் கிடையாது. சமரசம் பேசலாம், அவ்வளவுதான். சமரசம் பலிக்காததால் அந்த ஆண்டே அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 14 பேரில் 13 பேர் சேர்ந்து நின்றார்கள். அன்றாடம் அதே மேற்பார்வையாளரின் கீழ் வேலை பார்த்துக்கொண்டே முதலாளி மீது வழக்கு நடத்துவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது சட்டப் புத்தகங்களில் பதிவாவதில்லை. கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக வழக்காட தர்குட் மார்ஷல் நிறுவிய என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியத்தின் வழக்கறிஞர்கள் அவர்களுக்குத் துணை நின்றார்கள்.

1968இல் மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. நிறுவனம் முன்பு பாகுபாடு காட்டியது உண்மைதான், இப்போது நிறுத்திவிட்டது, பழைய பாகுபாட்டின் விளைவுகளைச் சரி செய்வது சட்டத்தின் வேலையல்ல என்றது.

1970 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பாதி வழி வந்தது. 1955 விதிக்கு முன் வேலைக்குச் சேர்ந்த கறுப்பினத்தவர்மீது சான்றிதழையும் தேர்வையும் திணிக்கக்கூடாது, அதே காலத்தில் சேர்ந்த வெள்ளையர்களிடம் அதைக் கேட்கவில்லையே என்றது. அவர்களுடைய பணிமூப்பை நிலையம் முழுவதற்குமாகக் கணக்கிடவும் உத்தரவிட்டது. ஆனால் விதிக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. கெட்ட எண்ணம் நிரூபிக்கப்படவில்லை, விதி எல்லோருக்கும் பொது, எனவே செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். நீதிபதி சைமன் சோபலாஃப் இதில் மாறுபட்டார். வேலைக்குத் தொடர்பில்லாத ஒரு விதி ஓர் இனத்தை மொத்தமாக வெளியே நிறுத்தும்போது நோக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பதில் பொருளில்லை என்பது அவர் எழுதியதன் சாரம்.

இங்கேதான் வழக்கின் முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. பாதி வெற்றி கையில் இருந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் 1955க்கு முன் சேர்ந்தவர்களின் குறை தீர்ந்திருக்கும். உச்ச நீதிமன்றம் போய்த் தோற்றால், நாடு முழுவதும் தேர்வு என்ற பெயரில் கதவை அடைக்க அனுமதி கிடைத்துவிடும். அந்த அபாயத்தை ஏற்றுத்தான் மேல்முறையீடு செய்தார்கள். எனக்கு இது சரியான முடிவாகவே தெரிகிறது. விதிக்குப் பின் சேர்ந்தவர்களைக் கைவிட்டிருந்தால், 1964க்குப் பிறகு வேலைக்கு வரும் ஒவ்வொரு இளைஞரையும் சேர்த்துக் கைவிட்டதாகியிருக்கும்.

உச்ச நீதிமன்றத்தில்

1970 டிசம்பர் 14 அன்று விசாரணை. தொழிலாளர்களுக்காக ஜாக் கிரீன்பெர்க் வாதாடினார். நிக்சன் அரசின் தலைமை அரசு வழக்கறிஞர் தொழிலாளர்களுக்கு ஆதரவாக மனு போட்டார். அமெரிக்க வர்த்தக சபை நிறுவனத்துக்கு ஆதரவாக மனு போட்டது.

1971 மார்ச் 8 அன்று வந்த தீர்ப்பில் எட்டு நீதிபதிகளும் ஒரே கருத்து. ஒன்பதாவது நீதிபதி பிரென்னன் பங்கேற்கவில்லை. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி வாரன் பர்கர். அவர் நிக்சன் நியமித்த பழமைவாதி என்பதால், ஒரு கட்சியின் தீர்ப்பு என்று இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

பர்கர் சொன்னவற்றில் இரண்டு முக்கியம். ஒன்று, நிறுவனத்துக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்ற கேள்வியையே அவர் நடுவிலிருந்து எடுத்துவிட்டார். படிப்பை முடிக்க விரும்பிய ஊழியர்களுக்கு டியூக் பவர் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்து உதவியது. அதையும் தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. ஆனால் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டம் இயற்றியது விளைவுகளைப் பார்த்துத்தான். நல்லெண்ணம் இருந்தாலும், ஒரு பிரிவினரை வெளியே நிறுத்தும் விதி, அந்த வேலையைச் செய்யத் தேவையானது என்று நிறுவனம் நிரூபிக்காவிட்டால் செல்லாது. இரண்டு, வாய்ப்புச் சமத்துவம் என்பது எது என்பது. நமக்கெல்லாம் பள்ளியில் தெரிந்த நரி, கொக்கு கதையை அவர் எடுத்துக்கொண்டார். பாலைத் தட்டில் ஊற்றி இருவரையும் குடிக்கச் சொல்வது போன்ற சமத்துவம் போதாது, பாத்திரம் இருவரும் குடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றார்.

தேர்வே கூடாது என்று தீர்ப்பு சொல்லவில்லை. தகுதி குறைந்தவரை எடுக்கச் சொல்லவும் இல்லை. தேர்வு ஆளைப் பொதுவாக அளக்காமல், அந்த வேலைக்குப் பொருந்துகிறாரா என்று அளக்க வேண்டும் என்றது.

தொடர்ந்து நடந்தவை

1972இல் காங்கிரஸ் ஏழாவது தலைப்பை மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கும் விரித்தது. சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு வழக்குப் போடும் அதிகாரமும் கொடுத்தது. போலீஸ், தீயணைப்பு, சிறைத் துறை எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

பெண்களுக்கு இது எப்படிப் பயன்பட்டது என்பதற்கு அலபாமா சிறைக் காவலர் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. 22 வயது இளம்பெண் ஒருவர், சிறைச் சீர்திருத்த உளவியல் படித்த பட்டதாரி, காவலர் வேலைக்கு விண்ணப்பித்தார். குறைந்தது 120 பவுண்டு எடை, 5 அடி 2 அங்குல உயரம் என்பது விதி. எடை குறைவு என்று நிராகரித்தார்கள். அந்த விதி அமெரிக்கப் பெண்களில் 41 சதவீதத்துக்கும் மேற்பட்டோரையும், ஆண்களில் 1 சதவீதத்துக்கும் குறைவானோரையும் வெளியே நிறுத்தியது. வலிமை வேண்டும் என்று மாநிலம் வாதாடியது. வலிமை வேண்டுமானால் வலிமையைச் சோதியுங்கள் என்றது 1977இல் உச்ச நீதிமன்றம். ஆனால் அதே தீர்ப்பு, கடும் பாதுகாப்பு ஆண்கள் சிறைகளில் கைதிகளோடு நேரடியாகப் பழகும் பணிகளுக்குப் பெண்களை எடுக்காமலிருக்க மாநிலத்துக்கு அனுமதியும் கொடுத்தது. அந்தப் பகுதியில், அப்போது உச்ச நீதிமன்ற நீதிபதியாகியிருந்த அதே தர்குட் மார்ஷல் மாறுபட்டார். அவர் சொன்னதே நியாயம்: சிறை ஆபத்தானதாக இருந்தால் சிறையைத் திருத்த வேண்டும், பெண்ணின் வேலையைப் பறிக்கக்கூடாது.

1978இல் கூட்டாட்சி அரசு ஒரு பொது வழிகாட்டியை வெளியிட்டது. ஒரு பிரிவினரின் தேர்ச்சி விகிதம், அதிகம் தேறும் பிரிவினரின் விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பு பார்த்த 58க்கு 6 என்ற கணக்கில் அந்த விகிதம் பத்தில் ஒரு பங்குதான்.

பின்னடைவும் உண்டு. 1976இல் வாஷிங்டன் நகரப் போலீஸ் தேர்வு வழக்கில், அரசியலமைப்பின் கீழ் வழக்குப் போட்டால் நோக்கத்தை நிரூபித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1989இல் அலாஸ்கா சால்மன் மீன் ஆலை வழக்கில் நிரூபிக்கும் சுமையைத் தொழிலாளர் பக்கம் தள்ளியது. அதை மாற்ற 1991இல் காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றி, டியூக் பவர் வழக்கின் அடிப்படையைச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. 2009இல் நியூ ஹேவன் தீயணைப்புத் துறை வழக்கு வந்தது. பதவி உயர்வுத் தேர்வை நடத்தி முடித்த பிறகு, வெள்ளையரே அதிகம் தேறிய முடிவைப் பார்த்துவிட்டு நகர நிர்வாகம் அதை ரத்து செய்தது தவறு என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

டியூக் பவர் தொடக்கத்திலேயே செய்திருக்கக்கூடிய ஒன்று உண்டு. நிலையத்தில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து, அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கிறது என்று கேட்டு, அதற்கேற்பத் தேர்வு வைத்திருக்கலாம். நிலக்கரிப் பிரிவில் இயந்திரக் கையேட்டைப் படிக்க வேண்டுமா? சரி, கையேட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்க்கலாம். இதற்குப் பெரிய செலவில்லை. நியூ ஹேவன் வழக்கின் பாடமும் இதுதான்: தேர்வைச் சோதிக்க வேண்டிய நேரம் அது நடப்பதற்கு முன்.

பணிமூப்பு விஷயத்தில் இன்றைக்கும் எனக்கு மனக்குறை உண்டு. 20 ஆண்டு பெருக்கியவர் 45 வயதில் இன்னொரு பிரிவில் கடைசிப் படியில் நின்றால், அவரைவிட 20 வயது இளையவர் அவருக்கு முன்னே போவார். மேல்முறையீட்டு நீதிமன்றம் நிலையம் முழுவதற்குமான பணிமூப்பைக் கணக்கிடச் சொன்னது சிறந்த தீர்வு. ஆனால் 1977இல் லாரித் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நியாயமாக நடத்தப்படும் பணிமூப்பு முறை பழைய பாகுபாட்டின் விளைவைத் தொடரச் செய்தாலும் அது செல்லும் என்றது. கதவு திறந்தது, இழந்த ஆண்டுகள் திரும்பவில்லை.

கால தாமதமும் ஒரு குறை. 1966 மார்ச் புகாருக்கு 1971 மார்ச்சில்தான் விடை கிடைத்தது. அந்த ஐந்தாண்டுச் சம்பள வித்தியாசம் மணிக்குச் சில சென்ட்டிலிருந்து தொடங்கி இரண்டு டாலர் வரை போகிறது. ஆணையத்துக்கு 1972இல் கிடைத்த அதிகாரத்தை 1964இலேயே கொடுத்திருந்தால் 13 பேர் இவ்வளவு சுமக்க வேண்டியிருந்திருக்காது.

இது இப்போதைய கவலையும்கூட. 2025 ஏப்ரல் 23 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த நிர்வாக ஆணை, விளைவை அடிப்படையாகக் கொண்ட பாகுபாட்டு வழக்குகளுக்கு முன்னுரிமை தர வேண்டாம் என்று கூட்டாட்சி அமைப்புகளுக்குச் சொல்கிறது. 1991 சட்டம் அப்படியே இருக்கிறது, தனி நபர்கள் வழக்குப் போடலாம். ஆனால் அரசு ஒதுங்கிக்கொண்டால் செலவும் சுமையும் மறுபடி தொழிலாளர்களின் தலையில்தான் விழும். மேலும், விளைவு சார்ந்த வழக்கில் வென்றாலும் மன உளைச்சலுக்கான இழப்பீடு கிடையாது. அதை வேண்டுமென்றே செய்த பாகுபாட்டுக்கு மட்டும்தான் 1991 சட்டம் அனுமதிக்கிறது. இந்த வகை வழக்கை எடுத்து நடத்த வழக்கறிஞர்கள் முன்வர வேண்டுமானால், காங்கிரஸ் முதலில் திருத்த வேண்டியது அந்தப் பிரிவைத்தான்.